ஃபிளேரை வெட்டினேன், இப்போது இப்படி ஆகிறது: தாருக்கு அறிகுறிவாரி வைத்தியம்

மஹிந்திரா தார் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டவர்கள் பலரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஹேக்ஸா பிளேடோடு சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் "சர்ர்" என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் "டப்". சரி, சக்கர வளைவைச் சுற்றியிருக்கும் இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் (இதுதான் ஃபிளேர்) ரெண்டு விரல் அகலம் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வண்டியின் ஃபிளேர் இதுவரை இரண்டு முறை வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் முறை தப்பாக. இரண்டாம் முறை அந்தத் தப்பைச் சரிக்கட்ட.

வெட்டும்போதும் வெட்டிய பிறகும் என்னென்ன கோளாறு வரும், எது எதனால் வருகிறது, என்ன செய்யலாம் என்பதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் எது நடக்கிறதோ நேராக அங்கே போய்ப் படியுங்கள். இன்னும் வெட்டவில்லை என்றால் முதல் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பிளேடைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க வேண்டி வந்தாலும் வரும். நான் சொல்வது 2020-க்குப் பிறகு வந்த தாரை வைத்து. ஜிம்னி, ராங்லர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். திருகும் கிளிப்பும் இருக்கும் இடம்தான் மாறும்.

## டயர் உரசுகிறது (வெட்டும் முன்பும், வெட்டிய பின்பும்)

முதலில் கணக்கு. தாரில் 18 அங்குல வீலுக்குக் கம்பெனி தரும் டயர் 255/65 ஆர்18. அதன் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ. பலரும் ஆசைப்பட்டுப் போடும் 285/70 ஆர்17 சுமார் 831 மி.மீ. அதாவது அச்சிலிருந்து எல்லாத் திசையிலும் 21 மி.மீ. கூடுகிறது. அகலம் 30 மி.மீ. கூடுகிறது; பக்கத்துக்கு 15. இதோடு ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதை வண்டியில் முடுக்கும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) குறைந்த வீலும் போட்டிருந்தால் அது தனிக் கணக்கு: ஆஃப்செட் 20 மி.மீ. குறைந்தால் டயர் முழுசாக 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஃபிளேரில் உரசுவதற்கு டயரின் உயரத்தைவிட இந்தத் தள்ளல்தான் பெரும்பாலும் காரணம். சக்கரம் திரும்பும்போது வெளியே தள்ளி நிற்கும் டயரின் தோள், அதாவது தரைபடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம், இன்னும் பெரிய வட்டம் போடும். அந்த வட்டத்தில் முன்னால் பம்பர் முனையும் பின்னால் லைனரின் (சக்கர வளைவின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) அடியும் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே எங்கே உரசுகிறது என்று தெரியாமல் வெட்டாதீர்கள். காதை நம்ப வேண்டாம். வீல் ஆர்ச்சுக்குள் எழும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஓட்டுகிறவருக்குச் சரியாகப் புரியாது. என் முறை இது: வீட்டில் இருக்கும் கோலமாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, டயரின் இரண்டு தோளிலும், உள்பக்கமும் வெளிப்பக்கமும், பிரஷ்ஷால் பூசுங்கள். காய்ந்ததும் காலி மைதானத்தில் நடை வேகத்தில் இடது கோடி, வலது கோடி, முன்னால், பின்னால் என்று நாலு தடவை ஓட்டுங்கள். ரிவர்ஸில் ஓட்டுவதை விட்டுவிடாதீர்கள். முன்னால் போகும்போது தொடாத இடத்தைப் பின்னால் வரும்போது தொடும். பிறகு கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தீற்றல் பளிச்சென்று தெரியும்.

அதோடு முடியவில்லை. சமதளத்தில் தொடாதது சஸ்பென்ஷன் அழுந்தும்போது தொடும். ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். என் மச்சான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், நான் வெளியே நின்று பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது ஆர்ச்சுக்குள் கையோ தலையோ போகக்கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

வெள்ளைத் தீற்றல் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

ஃபிளேரின் வெளி உதட்டில் தீற்றல் இருந்தால் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. பம்பர் முனையில் இருந்தால் பம்பரின் பிளாஸ்டிக்கைத்தான் தொட வேண்டும். ஃபிளேரில் எவ்வளவு எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. பின்பக்க லைனரில் இருந்தால் லைனரை ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) சூடாக்கி உள்ளே தள்ளி வைத்தாலே பல நேரம் போதும். டயரின் உள்பக்கத்து மாவு அழிந்து, சேசிஸிலோ ஸ்டெபிலைசர் ராடிலோ ஒட்டியிருந்தால் அது வீல் ஆஃப்செட் சிக்கல். அங்கே ஃபிளேருக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. தாரின் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இரட்டை விஷ்போன், பின்பக்கம் ஒரே அச்சாக வரும் ஆக்ஸில். பின்பக்கம் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்பக்கமாகச் சாயும். அதனால் பின்னால் உரசல் பெரும்பாலும் உள் லைனரில்தான் நடக்கும், வெளி ஃபிளேரில் அபூர்வம். நான் முதல் முறை இது தெரியாமல் நாலு ஃபிளேரையும் ஒரே அளவில் வெட்டினேன். பின்னால் இருந்த இரண்டையும் தொட்டிருக்கவே வேண்டாம்.

வெட்டிய பிறகும் பள்ளத்தில் மட்டும் உரசினால் மறுபடி வெட்டப் போகாதீர்கள். அழுந்துகிற தூரம்தான் அதிகம். பம்ப் ஸ்டாப்புக்கு (சஸ்பென்ஷன் ஓர் அளவுக்கு மேல் அழுந்தாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) ஒரு ஸ்பேசர் போட்டு அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான் சரியான வழி.

## வெட்டும்போது பிளாஸ்டிக் உருகி, பிளேடுக்குப் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொள்கிறது

சூடு, வேறொன்றும் இல்லை. இந்த வகை ஃபிளேர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீனும் ரப்பரும் கலந்த பிளாஸ்டிக். பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். கட்டிங் வீல் பட்ட இடத்தில் அந்தச் சூட்டை எட்டக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். இரும்புக்குச் செய்த சாமானைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் வெட்டாது, வெல்லப்பாகு காய்ச்சும்.

ஜிக்ஸா இருந்தால் பெரிய பல் பிளேடு, மிகக் குறைந்த வேகம். இரும்பு வெட்டும் பொடிப்பல் பிளேடு வேண்டாம். தூள் பல்லுக்குள் அடைத்து உரசலைக் கூட்டும். ஒரு சாண் வெட்டுங்கள், பத்து நொடி நிறுத்துங்கள். ஜிக்ஸா இல்லாவிட்டால் கவலையே வேண்டாம், ஒரு முனையில் துணி சுற்றிய வெறும் ஹேக்ஸா பிளேடு போதும். நேரம் எடுக்கும், தோள் வலிக்கும், ஆனால் இந்த வேலைக்கு அதைவிட அடக்கமான ஆயுதம் இல்லை. என் இரண்டாவது வெட்டு முழுக்க அதில்தான்.

ஏற்கெனவே உருகிக் கட்டி தட்டிவிட்டதா? சூடாக இருக்கும்போது நோண்டாதீர்கள், இழுத்துக்கொண்டு வரும். முழுசாக ஆறியதும் கட்டர் பிளேடால் சீவினால் கட்டி தனியாக உதிரும்.

## வெட்டுக் கோடு அலை அலையாக இருக்கிறது, இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை

ஃபிளேர் வண்டியில் இருக்கும்போதே வெட்டினால் இப்படித்தான் வரும். கை ஒரு கோணத்தில், கண் ஒரு கோணத்தில். கழற்றித் தரையில் வைத்து வெட்டுங்கள். வண்டியிலேயே வெட்டினால் பிளேடு நழுவிப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுக்கும் ஆபத்தும் உண்டு.

தரையிலிருந்து அளந்து கோடு போடுவது இன்னொரு பொதுவான தவறு. வண்டி நிற்கும் தரை சமமாக இருக்காது, நாலு டயரின் காற்றும் ஒன்றாக இருக்காது. ஃபிளேரின் சொந்த விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, அதன் மேல் காலண்டர் அட்டையை வைத்து வளைவை அச்செடுத்து, அந்த அட்டையைப் புரட்டிப்போட்டு அடுத்த பக்கத்துக்குக் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றே போல வரும்.

வெட்டும்போது கோட்டுக்கு 5 மி.மீ. வெளியே வெட்டி, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை கொண்டு வாருங்கள். உப்புத்தாளை விரலில் பிடிக்காமல் ஒரு அடி நீள மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் அலை தானாக அடங்கும். விரல் மேட்டிலும் பள்ளத்திலும் சேர்ந்தே போகும், கட்டை மேட்டை மட்டும்தான் தொடும்.

ஏற்கெனவே ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டால்? மற்றதையும் அந்த அளவுக்கு வெட்டுவதுதான் ஒரே வழி, ஆனால் அதற்கு முன் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வண்டியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. 3 மி.மீ. வித்தியாசம் உங்கள் தூக்கத்தை மட்டும்தான் கெடுக்கும்.

## வெட்டிய விளிம்பு வெள்ளையாக, பிசிறாக இருக்கிறது

இதற்கு உப்புத்தாளை மேலும் மேலும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பிசிறு பஞ்சு மாதிரி எழும், அடங்காது. மென்மையான பிளாஸ்டிக்கின் குணம் அது. கட்டர் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல், விளிம்பின் மேல் சுரண்டி இழுங்கள். தேங்காய் ஓட்டைச் சுரண்டுவது போல. மெல்லிய சுருளாக வரும், விளிம்பு வழவழப்பாகும். வெள்ளைப் பூத்த இடத்துக்கு ஹீட் கன்னைக் கொஞ்ச தூரத்தில் வைத்து வேகமாக ஒரு ஓட்டு ஓட்டினால் கறுப்பு திரும்பும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பளபளவென்று ஒரு திட்டு விழும், அது போகவே போகாது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் யு பீடிங் (விளிம்பின் மேல் செருகும் யு வடிவ ரப்பர் பட்டை) மாட்டிவிடலாம். உள்ளே கம்பி வைத்த பீடிங்காகப் பார்த்து வாங்குங்கள். ஃபிளேரின் தடிமன் பெரும்பாலும் 2.5 முதல் 3 மி.மீ. இருக்கும். வெட்டிய துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

## திரும்ப மாட்டும்போது கிளிப் ஓட்டையில் உட்காரவில்லை

இது முழுக்க என் சொந்தப் புத்திசாலித்தனம். முதல் முறை வெட்டி முடித்துவிட்டு, சாயங்காலம் மாட்டலாம் என்று நாலு ஃபிளேரையும் மொட்டை மாடியில் வைத்தேன். மே மாதம். சாய்ந்து கிடந்த ஃபிளேர் தன் எடையிலேயே விரிந்துவிட்டது. நடுக் கிளிப்பை மாட்டினால் முனை நிற்கவில்லை, முனையை மாட்டினால் நடு எகிறுகிறது. பலமாகக் குத்தி உட்கார வைத்ததில் இரண்டு கிளிப் உடைந்தது.

ஓரத்தில் உள்ளே மடங்கியிருக்கும் உதட்டை, அதாவது உள்மடிப்பை, வெட்டியதும் ஃபிளேரின் முதுகெலும்பில் பாதி போய்விடுகிறது. அந்த நிலையில் அதை நிழலில், சமதளத்தில், படுத்த வாக்கில் வைக்க வேண்டும். விரிந்துவிட்டால் வெந்நீர்தான் மருந்து. கொதிக்கக் கொதிக்க ஒரு துணியில் நனைத்து விரிந்த இடத்தில் போர்த்தி, இளகியதும் வண்டியிலேயே வைத்துக் கயிற்றாலோ டேப்பாலோ பிடித்துக் கட்டி, முழுதும் ஆறும் வரை விடுங்கள். ஹீட் கன்னைவிட இது பாதுகாப்பு. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் பிளாஸ்டிக் கருகாது.

கிளிப்புகளை மறுபடி பயன்படுத்தலாம் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு தடவை கழற்றிய கிளிப்பின் காது தேய்ந்திருக்கும். கழற்றும் முன்பே பத்து பன்னிரண்டு புதுசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## காலையில் சரியாக இருக்கிறது, மதியம் உப்பி அலையாக நிற்கிறது

கிளிப் போதாது என்று நடுவில் கூடுதலாக ஸ்குரூ அடித்திருப்பீர்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். இரும்பைவிடப் பல மடங்கு நீளும். ஒரு மீட்டர் நீள ஃபிளேர், காலைக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசத்தில், இரண்டு மூன்று மி.மீ. வரை நீண்டுவிடும். கம்பெனிக்காரன் அதனால்தான் ஒரு ஓட்டையை வட்டமாகவும் மற்றவற்றை நீள்வட்டமாகவும் விடுகிறான். நீங்கள் எல்லாவற்றையும் வட்ட ஓட்டை போட்டு இறுக்கிவிட்டால், நீள வழியில்லாமல் வெளியே உப்பும்.

நீங்கள் போட்ட ஓட்டைகளை ஃபிளேரின் நீளவாட்டில் அரத்தால் நீட்டுங்கள், பெரிய வாஷர் போடுங்கள், கை இறுக்கத்துக்கு மேல் முறுக்காதீர்கள். முடிந்தது.

## எண்பதில் போனால் படபடவென்று அடிக்கிறது

வெட்டிய உள்மடிப்புதான் ஃபிளேரை விறைப்பாக வைத்திருந்தது. இப்போது அது தகடு மாதிரி ஆடுகிறது. முதலில் வண்டியை நிறுத்திக் கையால் ஃபிளேரைத் தட்டி, ஆட்டிப் பாருங்கள். ஒரு முனை மட்டும் ஆடினால் அங்கே கிளிப் போயிருக்கிறது. மொத்தமாக ஆடினால் விறைப்பு போயிருக்கிறது.

விறைப்புக்கு, உள்பக்கம் 20 மி.மீ. அகல அலுமினியப் பட்டையை வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, மூன்று நாலு இடத்தில் சின்ன போல்ட் போட்டு இணைக்கலாம். பட்டையில் ஓட்டையை நீளமாகப் போட மறக்க வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

இரட்டைப் பக்க டேப் போட்டேன், இரண்டே நாளில் உரிந்தது என்று பலர் சொல்வார்கள். டேப் மேல் தப்பில்லை. பாலிப்ரோப்பிலீனில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். 3எம் விஎச்பி போன்ற நல்ல டேப்புக்கும் முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக் பக்கம் பிரைமர் 94 மாதிரியான ஒட்டூக்கி பூசி, காய்ந்ததும்தான் ஒட்ட வேண்டும். அழுத்தி ஒட்டியபின் முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து.

## மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது

இதுதான் உண்மையில் ஃபிளேரைக் கொல்லும் நோய். மற்றதெல்லாம் அழகுச் சிக்கல்.

வெட்டுக் கோடு திரும்பும் இடத்தில் எல் எழுத்து மாதிரிக் கூர்மூலை விட்டிருப்பீர்கள். ஆடும்போதெல்லாம் இழுவை முழுக்க அந்த ஒரு புள்ளியில் கூடும். ஒரு மாதத்தில் மயிரிழை விரிசல், ஒரு மழைக்காலத்தில் கிளிப் ஓட்டை வரை போய்விடும். பிளேடு கோட்டைத் தாண்டி 2 மி.மீ. ஓடிய வெட்டும் இதே வேலையைச் செய்யும். வெட்டும் முன்பே திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் 10 அல்லது 12 மி.மீ. டிரில் பிட்டால் ஓட்டை போட்டு, வெட்டை அந்த ஓட்டையில் கொண்டுபோய் முடித்தால் மூலை தானாக உருண்டையாகிவிடும். அதே போல வெட்டு எந்தத் திருகு ஓட்டைக்கும் 15 மி.மீ.க்கு உள்ளே நெருங்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

விரிசல் வந்தேவிட்டது என்றால், அதன் நுனியைத் தேடிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியும் நுனிக்கு அப்பாலும் சற்று ஓடியிருக்கும். லேசாக வளைத்தால் வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். அந்த நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் விரிசல் அங்கே நிற்கும். பிறகு மூட வேண்டும்.

மூட எது ஒட்டும் என்பது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. ஃபிளேரின் பின்பக்கம் இரண்டு கோண அடைப்புக்குறிக்குள் எழுத்து அச்சாகியிருக்கும். பிபி, ஈபிடிஎம் என்றிருந்தால் பாலிப்ரோப்பிலீன் கலவை. கூடவே டி20 என்றிருந்தால் அதில் 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது. ஏபிஎஸ் என்றிருந்தால் வேறு ஜாதி. எழுத்து தெரியாவிட்டால் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபி கண்டுகொள்ளாது. தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி என்று ஒரு சோதனை சொல்வார்கள். சுத்த பிபி மிதக்கும்தான், ஆனால் டால்க் கலந்தது மூழ்கவும் செய்யும். நம்பாதீர்கள்.

பிபி-க்கு ஃபெவிக்விக், எபாக்ஸி எதுவும் நிலைக்காது. உருக்கித்தான் சேர்க்க வேண்டும். 60 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றும், வெட்டி எறிந்த அதே ஃபிளேர் துண்டிலிருந்து சீவிய மெல்லிய குச்சிகளும் போதும். விரிசலைப் பின்பக்கத்திலிருந்து வி வடிவில் பாதி ஆழத்துக்குத் தோண்டி, துருப்பிடிக்காத எஃகு வலையில் ஒரு துண்டைச் சூடாக்கி உள்ளே அழுத்திப் புதைத்து, அதன் மேல் குச்சியை உருக்கி நிரப்புங்கள். அடியும் குச்சியும் இரண்டுமே உருக வேண்டும். மேலே வழித்துவிட்டது மாதிரி மட்டும் இருந்தால் ஆறியதும் பொறுக்குத் தட்டிப் பெயர்ந்து வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. இந்தக் காரணத்துக்காகவே வெட்டிய துண்டு எதையும் நான் குப்பையில் போடுவதில்லை. மனைவிக்கு அந்த மூட்டையைக் கண்டாலே எரிச்சல்.

## லைனர் தொங்கி டயரில் மாட்டுகிறது

வெட்டி எடுத்த உதட்டில்தான் லைனரின் வெளி ஓரம் திருகப்பட்டிருந்தது. ஆதாரம் போனதும் அது காற்றில் தொங்கும், வேகத்தில் டயர் மேல் படும், ஒரு நாள் மொத்தமாகச் சுருட்டி இழுத்துக்கொண்டு போகும். லைனரையே கழற்றி எறிந்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். அதற்குப் பின்னால்தான் ஒயரும் தகட்டின் வெறும் முதுகும் இருக்கின்றன. டயர் வாரி அடிக்கும் கல்லும் சேறும் நேரே அங்கே போகும்.

லைனரையும் புதுக் கோட்டுக்குச் சற்று உள்ளே வரும்படி வெட்டி, ஃபிளேரின் உள்பக்கத்தில் சின்ன எல் கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள். போல்ட்டின் தலை டயர் பக்கமும் நட்டு ஃபிளேர் பக்கமும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை டயரைக் கீறும்.

## மாட்டிய பிறகு முன் இண்டிகேட்டர் எரியவில்லை

தாரில் முன் ஃபெண்டரிலேயே விளக்கு இருக்கிறது. ஃபிளேரை இழுக்கும்போது கனெக்டரைக் கழற்ற மறந்து ஒயரை இழுத்திருப்பீர்கள், அல்லது திரும்பச் செருகும்போது "டக்" சத்தம் கேட்கும் வரை தள்ளியிருக்க மாட்டீர்கள். ஒயர் சரியாக இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள்.

## ஜன்னலெல்லாம் சேறு, பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார்

மேலிருந்து பார்த்தால் டயரின் தரைபடும் பகுதி ஃபிளேருக்கு வெளியே தெரிகிறதா? அப்படியானால் வாரி அடிக்கத்தான் செய்யும். கதவு, கண்ணாடி, பின்னால் வரும் பைக்காரர் முகம் எல்லாவற்றிலும். ரப்பர் மட்ஃபிளாப் கீழே வருவதைத் தடுக்கும், பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது. அதற்கு ஃபிளேரின் வெளி அகலத்தைத் தொடாமல் கீழ் உதட்டை மட்டும் குறைத்திருக்க வேண்டும். என் முதல் வெட்டின் பெரிய தப்பு இதுதான்: அகலத்தில் எடுத்துவிட்டேன். கடைசியில் ஆஃப்செட் கூடிய வீலுக்கு மாறி, டயரை உள்ளே இழுத்த பிறகுதான் சேறு நின்றது. அந்தப் பணத்தில் புது ஃபிளேரே வாங்கியிருக்கலாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம் மாற்றியமைத்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. ஃபிளேரின் அடியில் இரண்டு செ.மீ. குறைந்ததை யாரும் டேப் வைத்து அளப்பதில்லை; வெளியே துருத்தும் டயர்தான் தூரத்திலிருந்தே கண்ணில் படும். விபத்து க்ளெய்ம் என்று வந்தால் சர்வேயர் பார்ப்பதும் அதைத்தான்.

## மழைக்காலம் முடிந்ததும் ஃபிளேர் ஓரத்தில் பழுப்புக் கறை

கறை பிளாஸ்டிக்கில் வராது, தகட்டிலிருந்து வடிகிறது. கிளிப்பை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது பெயின்ட் கீறியிருக்கும், அல்லது புது ஸ்குருவுக்குத் தகட்டில் ஓட்டை போட்டு அப்படியே விட்டிருப்பீர்கள். ஆடும் ஃபிளேருக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிய மணல் உப்புத்தாள் வேலை பார்த்தும் பெயின்ட்டைத் தின்றிருக்கும்.

ஃபிளேரைக் கழற்றி, துருவை வெளிர் இரும்பு தெரியும் வரை தேய்த்து, துரு மாற்றி பூசி, ஜிங்க் பிரைமர், அதன் மேல் டச்அப் பெயின்ட், காய்ந்ததும் ஓட்டைகளுக்குள் மெழுகு ஸ்பிரே. திரும்ப மாட்டும் முன் ஃபிளேர் தகட்டைத் தொடும் கோடு முழுக்க ஒரு மெல்லிய பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் மணல் தின்பதை ஃபிலிம் வாங்கிக்கொள்ளும். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி அடைமழைக்கு முன்பு, கழற்றிப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு கிளிப், அரை நாள் வேலை.